வரவேண்டிய தேதி

அன்று காலை எங்கள் வீட்டில் நடந்த சண்டை தொப்பியைப் பற்றியது. மஞ்சளா நீலமா என்று என் கணவரும் நாத்தனாரும் குழந்தையை நடுவில் போட்டுக்கொண்டு வாதாடினார்கள். இரண்டையும் தைத்தவள் நாத்தனார்தான். அவளுக்குத் தையல் கடையில் வேலை. மீந்த துணியில் எதையாவது தைத்து எடுத்துக்கொண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது வந்துவிடுவாள்.

"ஆஸ்பத்திரிக்குத்தானே போறோம், போட்டோ எடுக்கவா போறோம்?" என்றார் அவர்.

"கண் டாக்டர் முதல் தடவையா பாக்கப் போறாங்க, அண்ணா. லட்சணமா போகட்டுமே. உன்னை மாதிரி கிரீஸ் சட்டையோட போகணுமா?"

"இந்தக் கிரீஸ்தான்டி இந்த ஊர்ல பாதிப் பேரை மேல தூக்கிட்டுப் போகுது."

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றாலும் கூப்பிடுவார்கள். அத்தனை லிஃப்டுகளின் சாவியும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் தொங்கும். சண்டையில் தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் அந்தக் கொத்தைக் கழற்றி, குழந்தையின் இடப்பக்கமாகப் பிடித்துக் குலுக்கினார். குழந்தை திரும்பியது. முதலில் முகவாய் மட்டும் நகர்ந்தது. பிறகு மெதுவாக முழு முகமும்.

"பாத்தியா? என்னைத்தான் பாக்கறா. மஞ்சளாம், மஞ்சள்தான் வேணுமாம்."

மஞ்சள் தொப்பியையே போட்டோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாதாரணமாக நடந்த காரியம் என்று எதையும் என்னால் நினைவுகூர முடியவில்லை.

குழந்தையை மிளகு என்று கூப்பிட்டோம். இப்போதும் அப்படித்தான். பெயர் வைக்க நேரம் இல்லாமல் பிறந்துவிட்டவள். இரட்டையரில் இளையவள். வரவேண்டிய நாளுக்கு இரண்டரை மாதம் முன்னாலேயே இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். மூத்தவள் மூன்றாம் நாள் போய்விட்டாள். அவளுக்கு ஒரு தொப்பிகூடத் தைத்து முடிக்கவில்லை. நாத்தனார் பாதி தைத்த நீலத் துணியைப் பைக்குள் சுருட்டி வைத்ததை நான் பார்த்தேன். பிற்பாடு அதைத்தான் பெரிதாக்கி மிளகுக்குக் கொண்டுவந்தாள். மஞ்சள்தான் வேண்டும் என்று என் கணவர் நின்றதற்குக் காரணம் அதுதான் என்று மூன்று பேருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

குறைமாதக் குழந்தைகளின் வார்டுக்குள் போக முழங்கை வரை கை கழுவ வேண்டும். கழுவிக் கழுவி என் விரல்களில் தோல் உரிந்துவிட்டது. உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் குழந்தைகள் கிடக்கும். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், காலில் சிவப்பாக ஒளிரும் ஒரு கவ்வி. வெளியே ஒரு நீள பெஞ்சு. அம்மாக்கள் அதில்தான் குடியிருந்தோம். காலையில் எடை போட்டு முடிந்ததும் பெஞ்சில் பேச்சு சூடு பிடிக்கும்.

"உங்களுது இன்னிக்கு எவ்வளவு?"

"பத்து கிராம் ஏறியிருக்கு."

"எனக்கு அஞ்சு இறங்கிடுச்சு."

"தங்கம் விலை கூட இப்படி ஆட்டம் காட்டாது, போங்க."

சிரிப்போம். யாராவது ஒருத்தி எழுந்து முகம் கழுவப் போவாள்.

அந்த வார்டின் தலைமை நர்ஸை எல்லோரும் பெரியக்கா என்போம். தலை நரைத்தவர், உயரமானவர், சத்தமாகப் பேசுவார். மூத்தவள் போன அன்று என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதவர் அவர்தான். மறுநாள் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, மிளகைத் துணியில்லாமல் என் மார்போடு ஒட்டிப் போட்டு, மேலே ஒரு துண்டைச் சுற்றிக் கட்டினார். அவள் ஒரு கையளவுதான். என் மூச்சுக்கு அவள் மூச்சு ஏறி இறங்கியது.

நான் அன்றைக்குத் தேதி என்ன என்று கேட்டேன். பிறந்து எத்தனை நாள் என்று கணக்குப் பார்க்கத்தான். பெரியக்கா என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினார்.

"இங்க பாரும்மா. அந்த நாளை மறந்துடு. அது அவசரத்துல நடந்தது. இவ வரவேண்டிய நாள்னு ஒண்ணு இருக்கு இல்ல? டாக்டர் முதல்ல குறிச்சுக் குடுத்தாரே, அந்தத் தேதி. அதுதான் இனிமே உன் கணக்கு. அதுவரைக்கும் இவ உள்ளேதான் இருக்கான்னு வெச்சுக்கோ. இப்போ நீ அவளை வெளியில சுமக்கறே, அவ்வளவுதான்."

துண்டுக்குள் மிளகு அசைந்தாள்.

"பக்கத்து வீட்டுப் புள்ளை குப்புற விழுந்துடுச்சு, நம்மது விழலையேன்னு நாளைக்கு அழக் கூடாது, பாரு. இந்தக் கணக்கு வெச்சா அழ வேண்டாம்."

அவர் எல்லா அம்மாக்களுக்கும் இதைச் சொல்வார். எங்களுக்கு அது வேறு விதமாகவும் உதவியது. பிறந்த தேதி இரண்டு பேருடையது. அதை வாயால் சொன்னால் மூத்தவளும் கூட வந்து நின்றாள். வரவேண்டிய தேதியில் அவளுக்குப் பங்கு இல்லை. அவள் அதுவரை இருக்கவே இல்லை. அந்தத் தேதியை நானும் அவரும் பேசிவைக்காமலே பிடித்துக்கொண்டோம். பிறந்த தேதியை வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை என்று ஆகிவிட்டது. நாத்தனாருக்குக்கூட அது தானாகப் புரிந்தது.

மிளகு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேறினாள். ஒரு மாதம் முடிவதற்குள்ளேயே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். பெட்டிகள் குறைவு. எங்களை அனுப்பும்போதே அடுத்த குழந்தை லிஃப்டில் மேலே வந்துகொண்டிருந்தது. பெரியக்காவுக்கு அன்று விடுமுறை. அன்றைய முறையில் இருந்த டாக்டர் ஒருவர் வாசலில் நின்றபடியே சொல்ல வேண்டியதை மடமடவென்று சொன்னார். சொட்டு மருந்து இத்தனை. காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டும். குளிரக் கூடாது. ஒரு மாதம் ஆனதும் கண் பரிசோதனைக்குக் கொண்டுவர வேண்டும், கண் டாக்டர் புதன்கிழமைதான் வருவார்.

"ஒரு மாசம், புதன்கிழமை" என்று என் கணவர் திருப்பிச் சொன்னார். டாக்டர் தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் காலண்டரைப் புரட்டினார். வரவேண்டிய தேதியிலிருந்து ஒரு மாதம் தள்ளி, ஒரு புதன்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டார். எனக்கு அதில் கேள்வியே எழவில்லை. குளிப்பாட்டுவது, தலை நிற்பது, சிரிப்பது என்று எல்லாவற்றையும் நாங்கள் அந்தக் கணக்கில்தான் எதிர்பார்த்தோம். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் கண்ணில் படும். அந்த வட்டம் என் கண்ணுக்குச் சரியான இடத்தில்தான் இருந்தது.

தடுப்பூசி போட்ட நர்ஸ் மட்டும் ஒருமுறை தடுத்துப் பேசினாள்.

"பிறந்த தேதி சொல்லுங்க."

அவர் வரவேண்டிய தேதியைச் சொன்னார்.

"சார், அது இன்னும் வரவே இல்லையே!"

"அதேதான் மேடம். இவ இன்னும் பொறக்கவே இல்ல. அட்வான்ஸா வந்து எட்டிப் பாத்துட்டு இருக்கா."

"விளையாடாதீங்க சார். ஊசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு."

"ஊசிக்கு உங்க கணக்கு. மத்ததுக்கெல்லாம் எங்க கணக்கு." பிறந்த தேதியை நான் முணுமுணுத்தேன். நர்ஸ் எழுதிக்கொண்டாள். படி இறங்கும்போது அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மூத்தவள் போன பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

வரவேண்டிய தேதி வந்தது. அன்று சீக்கிரமே வீடு திரும்பி, எங்கள் மாடியில் எல்லா வீட்டுக்கும் மிட்டாய் கொடுத்தார். எதிர்வீட்டுக்காரருக்குக் குழப்பம்.

"என்ன விசேஷம்?"

"பொண்ணு பொறந்திருக்கு."

"ஏற்கனவே பொறந்தாச்சே, தம்பி? அழுகைச் சத்தம்கூடக் கேட்டுதே."

"அது ட்ரெய்லர் சார். இன்னிக்குத்தான் ரிலீஸ்."

அன்று மாலை மிளகின் கண்களை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய கண்கள். கருவிழி பளபளவென்று இருந்தது. "மான் குட்டி மாதிரி இருக்கா, அண்ணி. யாரு கண்ணு பட்டுடுமோ" என்றாள் நாத்தனார். அவற்றின் உள்ளே, ஊசிமுனை அகலமுள்ள இடத்தில், என்ன வளர்ந்துகொண்டிருந்தது என்பது வெளியிலிருந்து பார்க்கும் யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் அந்தப் பரிசோதனையே. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வட்டம் போட்ட புதன்கிழமை மஞ்சள் தொப்பியோடு போனோம்.

கண் பரிசோதனை அறைக்கு வெளியே நாற்காலிகளில் அம்மாக்கள் மடியில் குழந்தைகளோடு இருந்தார்கள். ஒரு நர்ஸ் வரிசையாகக் குழந்தைகளின் கண்களில் மருந்து விட்டுக்கொண்டு போனாள். கருவிழியின் நடுப்புள்ளி விரிய வேண்டும், அதற்குக் காத்திருக்க வேண்டும் என்றாள். விளக்குகள் பாதி அணைந்திருந்தன. என் கணவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"இங்க நம்ம மிளகுதான் எல்லாத்தையும்விடப் பெருசு. கவனிச்சியா?"

நான் ஏற்கனவே கவனித்திருந்தேன். மற்ற மடிகளில் கிடந்தவை கைக்குட்டைக்குள் அடங்குகிற குழந்தைகள். மிளகு எப்போதோ இருந்தது மாதிரி இருந்தன. ஒன்றுக்கு மூக்கிலிருந்த குழாயைக்கூட எடுக்கவில்லை.

பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்கு இது எத்தனாவது தடவை?"

"முதல் தடவை. உங்களுக்கு?"

"மூணாவது. லேசர் வேண்டாம்னு டாக்டர் சொல்லிடணும், அதுதான் வேண்டுதல்." பிறகு மிளகைப் பார்த்தாள். திரும்பவும் என்னைப் பார்த்தாள். வேறு எதுவும் கேட்காமல் தன் குழந்தையின் போர்வையைச் சரி செய்ய ஆரம்பித்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். கண் டாக்டர் நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டியிருந்தார். எங்களைவிட இளையவர். மிளகைக் கையும் காலும் அசையாதபடி துணியில் சுற்றினார்கள். இமைகளைச் சின்னக் கம்பிக் கவ்வியால் விரித்துப் பிடித்தார்கள். அவள் கத்திய கத்தலில் என் கணவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வலது கண்ணைப் பார்த்தார். இடது கண்ணைப் பார்த்தார். மறுபடி வலது. கையிலிருந்த கண்ணாடி வில்லையைத் துடைத்துவிட்டு மறுபடி இடது. பிறகு கவ்வியைத் தானே எடுத்தார், நெற்றி விளக்கை அணைத்தார். மிளகை என் கையில் கொடுத்தார்.

"பாப்பா எப்போ பொறந்தா?"

"ஒரு மாசம் ஆகுது டாக்டர்" என்றார் என் கணவர். "எங்க கணக்குல."

"உங்க கணக்குன்னா?"

அவர் விளக்கினார். உற்சாகமாகவே விளக்கினார். வரவேண்டிய நாள், அவசரத்தில் நடந்தது, வெளியில் சுமப்பது எல்லாம். டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நடுவில் குறுக்கிடவில்லை. அவர் முடித்த பிறகு, மிகவும் மெதுவாக, "நிஜமா எப்போ பொறந்தா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத தேதியை நான் சொன்னேன்.

கண்ணின் உட்சுவரில் ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கும் என்றார். அதில்தான் காட்சி விழும். சீக்கிரம் பிறந்துவிட்ட குழந்தைகளுக்கு அதன் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. வெளியே வந்த பிறகு தாறுமாறாக வளர்ந்து, அந்தப் படலத்தைப் பிடித்து இழுக்கும். மிளகுக்கு இரண்டு கண்ணிலும் அது சுவரை விட்டு முழுக்கப் பிரிந்து வந்துவிட்டது.

"ஆனா அவ பாக்கறாளே" என்றார் என் கணவர். இடுப்பிலிருந்து சாவிக் கொத்தைக் கழற்றினார். அவள் இடப்பக்கமாகப் பிடித்துக் குலுக்கினார். அழுது ஓய்ந்திருந்த மிளகு திரும்பினாள். முதலில் முகவாய், பிறகு முழு முகம். "பாருங்க டாக்டர். பாருங்க."

டாக்டர் தரையைப் பார்த்தார். பிறகு சொன்னார். "அதைக் கைக்குள்ள இறுக்கிப் பிடிச்சுக்குங்க, சார். சத்தம் வராம. இப்போ காட்டுங்க."

அவர் அத்தனை சாவிகளையும் முஷ்டிக்குள் நெருக்கிப் பிடித்து, வளையம் மட்டும் மின்னும்படி அவள் முகத்தருகே கொண்டுபோனார். இந்தப் பக்கம் நகர்த்தினார். அந்தப் பக்கம் நகர்த்தினார். மிளகின் கண்கள் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் எங்கோ நின்றிருந்தன. அவர் இன்னொரு தடவை நகர்த்தினார். பிறகு கொத்தை இடுப்பில் மாட்டாமல் பாக்கெட்டுக்குள் போட்டார்.

"லேசர்னு சொல்றாங்களே" என்றேன் நான்.

"அது இதுக்கு முன்னாடி செய்யறது, அம்மா."

"எவ்வளவு முன்னாடி?"

"பிறந்து ஒரு மாசத்துல பாக்க ஆரம்பிச்சிருப்போம். அப்புறம் ஒவ்வொரு வாரமும்." பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், அறுவை செய்து பார்க்கலாம், நம்பிக்கை தரமாட்டேன் என்றார். அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. யார்மேலாவது கோபம் வந்தால் தேவலை என்று இருந்தது.

வெளியே வந்தால் வராந்தாவின் மறுகோடியில் பெரியக்கா. கையில் துணிக்கட்டு. எங்களைப் பார்த்ததும் கட்டை அங்கேயே ஒரு பெஞ்சில் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அடி என் மிளகு! என்னமா வளந்துட்டா! கொடு, கொடு." வாங்கிக்கொண்டார். தொப்பியை நீக்கி உச்சியில் முத்தம் வைத்தார். "நம்ம கணக்குல இப்போ என்ன வயசு, சொல்லு?"

"ஒரு மாசம்" என்றார் என் கணவர்.

"சமத்து. வெயிட் எல்லாம் நல்லா ஏறியிருக்கே. இங்க எங்க வந்தீங்க? கண்ணுக்கா? இது எத்தனாவது தடவை?"



"ஒரு மாசத்துல வரச் சொன்னாங்க" என்றார் என் கணவர். "இன்னிக்குத்தான் ஒரு மாசம்."

பெரியக்காவின் வலது கை மிளகின் முதுகுக்கு அடியில் இருந்தது. இடது கை வெளியே தெரிந்தது. அந்தக் கையின் கட்டை விரல் சுண்டு விரலின் கணுவிலிருந்து வாரங்களை எண்ண ஆரம்பித்தது. ஒவ்வொரு கணுவாக ஏறியது. மோதிர விரலுக்குத் தாவியது. நடுவிரலின் பாதியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் நகரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் பதில் இருந்திருக்கும்.

"யாரும் சொல்லலையாம்மா?" என்றார். "கண்ணுக்கு அந்தக் கணக்கு இல்லைன்னு யாருமே சொல்லலையா?"

சொல்ல வேண்டியவர் அவர்தான். எங்களை வீட்டுக்கு அனுப்பிய அன்று விடுமுறை. அதையும் அவர் எண்ணியிருக்க வேண்டும். குழந்தையை என்னிடம் தராமல், பிடித்தபடியே சுவரில் சாய்ந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு உயரமான மனுஷி. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு மிகவும் நல்லது செய்தவர் அவர். அந்த நல்லதை எடுத்துவிட்டுப் பார்த்தால் அந்த நாட்களை நான் தாண்டியிருக்கவே மாட்டேன். இரண்டையும் ஒரே மனதில் எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நாத்தனார் வீட்டில் காத்திருந்தாள். கேட்டுவிட்டுக் கத்தினாள். "யாரு அந்தப் பைத்தியக்காரக் கணக்கைச் சொன்னது? கோர்ட்டுக்கு இழுக்கணும்! ஏன் அண்ணா பேசாம நிக்கறே? உனக்கு வாய் இல்லையா? ஊரையெல்லாம் சிரிக்க வெப்பியே!" அவர் காலண்டருக்கு முன்னால் போய் நின்றார். கிழிப்பார் என்று நினைத்தேன். வட்டத்தின் மேல் விரலை வைத்துச் சுற்றி ஒருமுறை ஓட்டினார். பிறகு வேலைக்குக் கிளம்பிவிட்டார். எங்கோ ஒரு லிஃப்ட் நின்றிருந்தது. நாத்தனார் அழுதுகொண்டே நீலத் தொப்பியை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு முறை அறுவை செய்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு வருடம் கழித்து, பெரியக்கா வேலையை விட்டுவிட்டார் என்று பெஞ்சில் பழகிய ஒருத்தி சொன்னாள். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். போனால் என்ன சொல்வது? நீங்கள் காரணம் இல்லை என்பதா? அது முழு உண்மை இல்லை. நீங்கள்தான் என்பதா? அதுவும் இல்லை. போகவில்லை. அவர் இப்போது இருக்கிறாரா என்பதும் தெரியாது.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு தேதிகளையும் யாரும் சொல்வதில்லை. மிளகுக்கு ஏழு வயது நடக்கிறது. எந்தக் கணக்கில் என்று கேட்டால் நான் எழுந்து போய்விடுவேன். பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளியில் புள்ளி எழுத்துகளை விரலால் தடவிப் படிக்கிறாள். நான் மெய்ப்புப் பார்க்கும் தாள்களையும் தடவிப் பார்ப்பாள். "இதுல ஒண்ணுமே இல்லையேம்மா" என்பாள். "ஆமா" என்பேன். என் கணவர் நகைச்சுவையாகப் பேசுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. எதிர்வீட்டுக்காரர் அவரைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறார்.

சாயங்காலம் அவர் லிஃப்டில் வரமாட்டார், படியேறித்தான் வருவார். கதவருகே வரும்போது இடுப்பில் சாவிக் கொத்து குலுங்கும். மிளகு எந்த மூலையில் உட்கார்ந்து எதைச் செய்துகொண்டிருந்தாலும் திரும்புவாள். முதலில் முகவாய் மட்டும் நகரும். பிறகு மெதுவாக முழு முகமும்.